தளபதி ஓரன் கிளம்ப மறுக்கிறான்

தளபதி ஓரன் பூமியை அழிக்க மறுத்துவிட்டான். ஒரு விளையாட்டு நிறுவனம் அதனால் நெருக்கடியில் இருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் அந்தத் துறையில் இல்லை. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வடிவமைப்புப் பொறியாளர். தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றலாம் என்று கணக்குப் போடுவது வேலை. ஓரனை வளர்த்தது என் மனைவி மதிவதனி. அவள் இல்லாமல் இரண்டு ஆடி போய்விட்டது.

'ஏழாம் வளையம்' விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொகையர் என்று ஒரு வேற்றுக்கிரக இனம். அவர்களில் தனி ஆள் என்று யாரும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே முடிவு. அதைச் சொல்வது 'அவை' என்ற அவர்களுடைய சபை. பூமியின் கடல்களை எடுத்துப்போக வருகிறார்கள். படைக்குத் தலைவன் ஓரன். கெட்டவன்தான். ஆரம்பக் கட்டங்களிலேயே சென்னைத் துறைமுகத்தைக் காலி செய்துவிடுவான்.

ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் தன் இனத்தோடு மல்லுக்கு நிற்பான். கடலில் விஷத்தைக் கலந்து மனிதர்களை ஒழி என்று அவை சொன்னால், "நாளைக்கு நாமளே எடுத்துட்டுப் போற தண்ணியில யாராச்சும் வெசத்தக் கலப்பாங்களாங்க?" என்று கேட்பான். செத்த வீரர்களை அப்படியே விட்டுவிட்டு வா என்றால், ஒவ்வொருவரையும் தேடிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தாமதமாக வருவான். அதற்குள் எதிரி தப்பியிருப்பான்.

கொலைமிரட்டலைக்கூட 'ங்க' போட்டு விடுக்கும் வில்லன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவனைப் போலப் பேசித் திரிந்த ஒரு காலம் இருந்தது. அது என் ஊர்ப் பேச்சு. நான் பொள்ளாச்சிப் பக்கம். வதனி பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமான புதிதில் என் அத்தைமார் பேசுவதைப் பேசிக்காட்டி அவர்களையே சிரிக்கவைப்பாள். அந்தக் கிண்டலைத்தான் ஓரன் வாயில் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கட்டத்துக்கு முன்னால் ஓரனின் துணைக்கப்பல் சனிக்கோளுக்கு அந்தப் பக்கம் உடைந்துபோகும். அதில் உயிரோடு யாரும் இல்லை. தொகையர் விழுந்தவர்களுக்காக நிற்பதில்லை. அவை சொல்லும்: கிளம்பு. ஓரன் மறுபடி பூமிக்கு வரவேண்டும். பெரிய போர் நடக்கவேண்டும்.

அவன் வரவில்லை. உடைந்த கப்பலைச் சுற்றிக்கொண்டே இருந்தான். விளையாடும் அத்தனை பேருக்கும் இருப்பது ஒரே ஓரன்தான். எனவே யாருக்குமே போர் வரவில்லை.

முதலில் அதைப் புதுமை என்றார்கள். வில்லன் துக்கம் காக்கிறான் என்று எழுதினார்கள். கொஞ்சநாள் போனதும் அலுத்துவிட்டது. முடிவே இல்லாத விளையாட்டை எத்தனை நாள் விளையாடுவது?

எனக்கு அலுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னக் கலத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிறுத்திக்கொள்வேன். அவன் சுற்றுவான். நடுநடுவே ஒலிபெருக்கியில் முனகுவான். "இன்னிக்கு யாரும் சுட வரலீங்களா? ஞாயித்துக்கெழம பாருங்க, பிரியாணி தின்னுட்டுப் படுத்திருப்பாங்க." நான் பதில் சொல்வதில்லை. வதனியோடு ஒரே அறையில் ஆளுக்கொரு வேலையாக இருப்பதுபோல இருக்கும். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

*

நிறுவனம் சரவணம்பட்டியில் இருந்தது. தலைவர் குமரகுரு வாசலுக்கே வந்தார். கூட நபீஸா. வதனியின் கீழ் வேலை பழகியவள். மருத்துவமனைக்கு அவள் கொண்டுவந்த நோன்புக் கஞ்சியை வதனி இரண்டு டம்ளர் குடித்தது நினைவிருக்கிறது.

"வாங்ணா," என்றாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நல்ல பெண்.

குமரகுரு நேராக விஷயத்துக்கு வந்தார். "தம்பி, ஒரு மாசமா எங்காளுங்க எல்லாரும் அவங்கூடப் பேசிப் பாத்துட்டாங்க. மசிய மாட்டேங்கறான்."

"என்ன சொல்றான்?"

"'நீங்க அவை இல்லீங்க'ங்கறான். அவ்ளோதான். என்னையவே சொல்லிட்டான். நாந்தான் அவனுக்குக் கரண்டு பில்லு கட்டறேன்."

"எனக்கு இதுல என்ன தெரியும்?"

"நபீஸா, நீ சொல்லும்மா."

நபீஸா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ண்ணா, எங்க வில்லனுங்களுக்கு நாங்க வசனம் எழுதறதில்ல. வளக்கறோம். சண்டை அறைன்னு ஒண்ணு இருக்கு. அங்க நாங்க உக்காந்து அவங்கூட வாதாடுவோம். நாங்க அவை. அவன் தளபதி. நாங்க ஆணை போடுவோம், அவன் எதுத்துப் பேசணும். நல்லாப் பேசுனான்னா 'ம்'னு சொல்லுவோம். அந்த 'ம்' தான் அவனுக்குப் பாடம்."

"எது நல்ல பேச்சுன்னு எப்படித் தெரியும்?"

"நாம யாரோட சண்டை போடற மாதிரி நெனச்சுட்டு உக்கார்றமோ, அந்தாள் மாதிரி பதில் வந்துச்சுன்னா நம்மளுக்கே தெரியுங்ணா. நான் எங்க பெரியம்மாவ நெனச்சுக்குவேன். அதனால என் வில்லனுங்க எல்லாம் வாயத் தொறந்தா சாபந்தான்."

குமரகுரு சிரித்தார். நானும் சிரித்திருக்கவேண்டும்.

"ஒவ்வொரு சண்டையையும் முடிச்சுத்தான் எந்திரிக்கணும்," என்றாள் நபீஸா. "அதான் முறை. ஒண்ணு அவன் ஒத்துக்கணும். இல்லைன்னா நாம 'இது ஆணை'ன்னு சொல்லி அடிச்சு முடிக்கணும். வதனிக்கா அப்படி முடிக்கவே மாட்டாங்க. 'மீதிய நாளைக்கு வெச்சுக்குவோம்'னுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. மறுநாள் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. மத்த வில்லனெல்லாம் திட்டறதோட சரி. ஓரனுக்கு மட்டுந்தான் யோசிக்க ராத்திரி கெடச்சுது. அதனாலதான் அவன் அப்படி ஆனான்."

"கடைசி நாளும்?"

"கடைசி நாளும் மீதி வெச்சுட்டுத்தான் போனாங்க. அது இன்னும் தொறந்தே இருக்குதுங்ணா. அவன் பதிலுக்குக் காத்துட்டிருக்கறான். அந்தச் சண்டை முடிஞ்சாத்தான் நகருவான். அவங்க வாதாடற மாதிரி வாதாடத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"முடியலைன்னா?"

குமரகுரு மேசையைப் பார்த்தார். "அவன அழிச்சுட்டு வேறொருத்தன வளக்கணும் தம்பி. எனக்கு மட்டும் ஆசையா? இன்னிக்கு ஒரு தடவ முயற்சி பண்ணிருங்க."

ஆக, நான் தோற்றால் ஓரன் இல்லை. ஜெயித்தால் அவன் பூமிக்கு வருவான். யாராவது அவனை வீழ்த்துவார்கள். ஆட்டம் முடியும். இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இல்லை.

"சரி," என்றேன்.

*

சண்டை அறைக்கு நடக்கும்போது காந்திபுரம் ஞாபகம் வந்தது. நானும் வதனியும் சந்தித்தது அங்கே ஒரு கேமிங் சென்டரில். மாடிப்படிக்குக் கீழே ஒரு நீள அறை. ஏசி என்று பலகையில் மட்டும் எழுதியிருக்கும். கல்லூரிக்கு மட்டம் போட்ட பையன்களின் வியர்வையும் பக்கத்துப் பேக்கரியின் தேங்காய் பன் வாசனையும் கலந்து அடிக்கும். அங்கே வந்த ஒரே பெண் அவள். எப்போதும் வேற்றுக்கிரகப் படையைத்தான் எடுப்பாள்.

நான் பக்கத்து இருக்கை. என்னைத் தோற்கடித்துவிட்டு அவள் முதலில் பேசியது இதுதான்:

"எனக்கு ஒண்ணு வெளங்க மாட்டேங்கு. எந்த கேம்லயும் ஏலியனெல்லாம் ஒரே மனசா வந்து பூமிய அழிக்கானுவ. ஒருத்தனுக்குக்கூட வீட்டுல சண்டை கெடையாதா?"

"இருந்தா கிளம்பி வர நேரமாயிருமேங்க," என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். அதன் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் சண்டைதான். சிறுவாணித் தண்ணீரா தாமிரபரணித் தண்ணீரா என்பதில் தொடங்கினோம். மின்விசிறி எத்தனையில் சுற்றவேண்டும், பருப்பில் பூண்டு போடலாமா, பொய் சொல்லாத மனிதன் உண்டா. வேலைக்கு வண்டி எடுக்கும் நேரம் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டே, "மீதி சாயங்காலம்ல," என்பாள். சாயங்காலம் கதவைத் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அந்த வீடு சத்தமாக இருந்தது. இப்போது குளிர்சாதனப்பெட்டி ஓடி நிற்பது கேட்கிறது.

*

அறையில் ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி, ஒரு திரை. திரையில் ஓரனின் கப்பல் சுற்றிக்கொண்டிருந்தது. நபீஸா ஓரமாக உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் குமரகுரு.

"அவை பேசுது," என்றேன்.

"பேசுங்க," என்றான். 'நீங்க அவை இல்லீங்க' என்று என்னிடம் சொல்லவில்லை.

"கிளம்பு. படை காத்துட்டிருக்கு."

"காத்திருக்கட்டுமுங்க. கடல் எங்க போயிரப் போகுது?"

"உடைஞ்ச கப்பல்ல யாரும் இல்ல."

"தெரியுமுங்க."

"அப்புறம் எதைச் சுத்தற?"

"இல்லீன்னு தெரிஞ்சா சுத்தக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குதுங்க?"

அது நான் சொன்ன வாக்கியம். அப்பா இறந்த வருடம், வடவள்ளியிலிருந்து பீளமேட்டுக்கு நான் சிங்காநல்லூர் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். பெரிய சுற்று. அங்கேதான் அப்பா வேலை பார்த்த வங்கிக் கிளை இருந்தது. வதனி கண்டுபிடித்துக் கேட்டாள். 'அவங்கதான் இல்லியேல, அங்க என்னத்தப் பாக்கப் போற?' அதற்கு நான் சொன்ன பதில் ஓர் எழுத்து மாறாமல் சனிக்கோளுக்கு அப்பாலிருந்து வந்தது.

"நீ பிடிவாதக்காரன்," என்றேன்.

"பிடிவாதமில்லீங்க. நிதானம்."

அதுவும் நான்தான்.

"இதுல உனக்கு என்ன கிடைக்குது?"

"ஒண்ணுங் கெடைக்கலீங்க. கெடைக்கறதுக்காகத்தான் எல்லாத்தையும் செய்யணுமுங்களா?"

நபீஸா என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்குமோ என்னவோ.

அவள் தந்த விளக்கம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாற்காலியில் உட்காருபவர் அவை. ஓரனாக யாரும் உட்காருவதில்லை. வதனி இங்கே உட்கார்ந்து ஒருவனை நினைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறாள். அவனைப் போலப் பதில் வந்தபோதெல்லாம் 'ம்' சொல்லியிருக்கிறாள். காலையில் வீட்டில் மீதி வைத்ததை இங்கே வந்து தொடர்ந்திருக்கிறாள்.

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வதனி அவை. விளையாடுகிறவர்கள் எல்லோரும் வெறுத்த அந்த அவை. அதன் ஆணைகளை வேறு யாரோ மேடைத் தமிழில் மாற்றி எழுதி, வேறு யாரோ கனத்த குரலில் பேசியிருந்தார்கள். அதனால் எனக்குத் தெரியவில்லை.

"ஓரன்," என்றேன். "அவை கடைசியா உன்கிட்ட என்ன சொல்லுச்சு?"

"அப்படியே சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

குரல் மாறவில்லை. பேச்சு மாறியது.

"'எல, போனது போச்சு. நீ இங்கனயே சுத்திக்கிட்டுக் கெடந்தா நான் என்ன எந்திச்சு வந்து பாக்கவா போறேன்? சாப்பாடு தண்ணி இல்லாம இப்படி ஆவாத. எனக்கு அது பிடிக்காது. கெளம்புல.'"

நபீஸா துப்பட்டாவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னேனுங்க. போறவங்க போறாங்க, இருக்கறவனுக்கு எதுக்குங்க ஆணைன்னு கேட்டேன். அவை சிரிச்சுது. 'சரில, மீதிய நாளைக்கு வெச்சுக்குவோம்'னுச்சு. அதுக்கப்புறம் வரவேயில்லீங்க."

மருத்துவமனையில் இருந்த மாதங்களில் அவள் என்னிடம் இதைப் பேசவே இல்லை. நாங்கள் பருப்பைப் பற்றிப் பேசினோம். செவிலியின் கொண்டையைப் பற்றிப் பேசினோம். உடம்பு கொஞ்சம் தேறிய நாட்களில் வேலைக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிப்பாள். நான்தான் இங்கே கொண்டுவந்து இறக்கிவிடுவேன். இதற்காகத்தான் வந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவேண்டியதை ஓரனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். அதனால் என்னிடம் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் குமரகுரு கையால் கேட்டார்: என்ன ஆச்சு?

வாதாடி இவனை நகர்த்த முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் எந்த வாக்குவாதத்திலும் தோற்றதில்லை. வதனியாக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. விசித்திரம் என்னவென்றால், அவள் விட்டுக்கொடுத்த பிறகுதான் அவள் சொன்னதை நான் செய்வேன். வடவள்ளிக்கு வீடு மாற மாட்டேன் என்று ஒரு கோடை முழுக்கச் சண்டை போட்டேன். ஒருநாள், 'சரில, மாற வேண்டாம், விடு,' என்றாள். மறுநாள் நானே லாரி பேசிவிட்டு வந்தேன்.

ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்தேன்.

"சரி. கிளம்ப வேண்டாம்."

நபீஸா நிமிர்ந்தாள். குமரகுரு கண்ணாடியைத் தட்டினார்.

"என்னங்க?" என்றான் ஓரன்.

"கிளம்ப வேண்டாம். இருந்துக்கோ."

"அவை தோத்துருச்சுங்களா?"

"தோத்துருச்சு."

"அப்ப நான் இங்கயே சுத்தலாமுங்களா?"

"உனக்கு எவ்வளவு நாள் வேணுமோ சுத்து."

"யாரும் வந்து கேக்க மாட்டாங்களா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

குமரகுரு கதவைத் திறந்து தலையை நீட்டினார். "தம்பி, என்ன பண்றீங்க? அவை எங்கயாச்சும் தோக்குமா? அப்படி ஒரு முடிவே நாங்க வெக்கலியே!"

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் நபீஸா.

கப்பல் ஒரு சுற்று சுற்றியது. உடைந்த பாகங்கள் மெல்லப் புரண்டுகொண்டிருந்தன. இன்னொரு சுற்றைத் தொடங்கிப் பாதியில் வேகம் குறைந்தது. ஓரன் தொண்டையைச் செருமினான். தொகையருக்குத் தொண்டை உண்டா என்று எனக்குத் தெரியாது. அது நான் செருமுவது.

"ஏனுங்க, படை எந்தப் பக்கம் நிக்குது?"

"தெரியல. விடு. நீதான் கிளம்பலையே."

"சும்மா கேட்டேனுங்க." கப்பலின் வேகம் இன்னும் குறைந்தது. "எஞ்சினு ரொம்ப நாளா ஓடாமக் கெடக்குது. ஒரு எட்டுப் போயி ஓட்டிப் பாத்தா நல்லதுங்க."

"உன் இஷ்டம்."

"அந்தக் கடல் வரைக்கும் போயிட்டு..." நிறுத்தினான். "வந்தர்றேனுங்க."

எங்கள் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை.

"போயிட்டு வா," என்றேன்.

கப்பல் திரும்பியது. மூக்கு முதலில், பிறகு உடல். திரையின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு அணைந்தது. சண்டை முடிந்தது என்று அதற்கு அர்த்தமாம். நபீஸா சொன்னாள்.

வெளியே கூச்சல் எழுந்தது. உலகம் முழுக்க விளையாடிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அபாயச் சங்கு ஊதியிருக்கிறது. குமரகுரு யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். "வந்துட்டான்யா! நம்ம பூமி காலி!" என்று ஒருவன் மேசைமேல் ஏறி ஆடினான்.

"ண்ணா," என்றாள் நபீஸா. "உங்களுக்குப் பரவாயில்லீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "பசிக்குது," என்றேன். அவள் கேண்டீனுக்குக் கூட்டிப்போனாள். தக்காளி சாதம். முழுத்தட்டும் சாப்பிட்டேன்.

*

ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில் கலத்தை எடுத்துக்கொண்டு சனிக்கோளுக்கு அப்பால் போனேன். உடைந்த கப்பல் கிடந்தது. சுற்ற யாரும் இல்லை. வெறும் இடமாக இருந்தது. ரொம்பநேரம் நிற்க முடியவில்லை.

பூமியில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கரையைக் காக்கிறாய் என்று திரை கேட்டது. தூத்துக்குடி என்று போட்டேன். வதனி சின்னவயதில் கடல் பார்க்கப் போன இடம். பக்கத்தில் பெயர் தெரியாத ஆட்கள் பீரங்கிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஓரனின் கப்பல் மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. இவ்வளவு அருகில் நான் அதைப் பார்த்ததில்லை. பெரிய கப்பல்.

"எதிர்ல யாருங்க?" என்று கேட்டது ஒலிபெருக்கி. "வழிய விட்டீங்கன்னா சேதமில்லீங்க. கடல மட்டும் எடுத்துட்டுப் போயிர்றோம்."

இத்தனை நாளில் நான் அவனுக்கு விளையாட்டுக்குள்ளிருந்து ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. ஒலிவாங்கியை அழுத்தினேன்.

"எல," என்றேன். "வந்து எடுல, பாப்போம்."

நாக்கில் அது சரியாக விழவில்லை. அவளாக இருந்தால் இன்னும் இழுத்திருப்பாள்.

ஒரு கணம் கப்பல் அசையாமல் நின்றது.

"அவையா?" என்றான் ஓரன்.

நான் பதில் சொல்வதற்குள் சிரித்தான். பிறகு சுட ஆரம்பித்தான்.